கட்டியில்லாமல் ஆறு வாரம்

மார்ச் 3, செவ்வாய்

பெயின்ட் கடையில் இன்று பள்ளிக்கூடச் சுவருக்கு மூன்று டின் வெளிர்பச்சை கலந்தேன். நாலாவது கலவை வீட்டில். கேரட், ஆப்பிள், ஆரஞ்சுச் சாறு. மிக்சி மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய என் மனைவியின் வாயோ கம்பி போட்டு மூடியிருக்கிறது.

சமையலறைக் கூரை முழுக்கக் கேரட். அவள் கதவோரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். மகளின் பழைய சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "முதல் கோட் நல்லாருக்கு. ரெண்டாவது எப்போ?"

போன வியாழன் வேலைக்குப் போகும்போது சைக்கிள் வழுக்கி அவள் தாடை உடைந்தது. மேல் பல்வரிசையையும் கீழ் பல்வரிசையையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம். அதுவரை ஸ்ட்ராவில் போவதுதான் சாப்பாடு. எடை 49.6 கிலோ. 45-க்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்ட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவளுடைய அக்காவுக்கு அப்படிக் குழாய் போட்டிருந்த நாட்களில் கூடவே இருந்தவள் இவள். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது.

"குழாயெல்லாம் வராது. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். வெந்நீர் வைக்கத் தெரியாதவனுக்கு வந்த வாய்ச்சவடால்.

மார்ச் 4, புதன்

வாழைப்பழம், தண்ணீர், தேன். மூடியைப் பிடித்தேன். கூரை தப்பியது.

மார்ச் 6, வெள்ளி

மோசமான நாள். ஆப்பிள் தோலில் ஒரு துணுக்கு அரைபடாமல் போய்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. சின்ன பிரஷ், உப்புத் தண்ணீர், கண்ணாடி என்று ஒரு மணி நேரம் அவள் வாஷ்பேசின் முன்னால் நின்றாள். வலியில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை மறுபடி படித்தேன். "கட்டி, விதை, நார் கூடாது." என் தொழிலில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லையே! வடிகட்டாமல் ஒரு டின் பெயின்ட்கூட எங்கள் கடையிலிருந்து வெளியே போகாது. ஒரு கட்டி இருந்தால் போதும், சுவர் முழுக்கக் கோடு விழும். கடையிலிருந்து பெயின்ட் வடிகட்டும் நைலான் துணி ஒன்று வாங்கி வந்தேன். புதுசு, பாக்கெட் பிரிக்காதது. வெந்நீரில் மூன்று முறை அலசினேன்.

இறங்கியதைப் பார்க்க வேண்டும், எனாமல் மாதிரி வழவழவென்று. ஸ்ட்ராவில் தடங்கல் இல்லாமல் போயிற்று. துணியில் நின்ற சக்கையைக் கொட்ட மனம் வரவில்லை. நல்ல பழம். கிச்சனில் நின்றபடியே ஸ்பூனால் தின்று முடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

இப்போது தனி நோட்டே போட்டுவிட்டேன். கடையில் ஷேடுக்கு நம்பர் கொடுப்பது போல ஒவ்வொரு கலவைக்கும் ஒரு நம்பர். மூன்று: பப்பாளி 150 கிராம், ஆரஞ்சு ஒன்று, ஊறவைத்த ஓட்ஸ் இரண்டு ஸ்பூன். ஐந்து: பீட்ரூட் 80, ஆப்பிள் ஒன்று, வாழைப்பழம் பாதி. ஏழு: பசலைக்கீரை ஒரு கை, வெள்ளரி, அன்னாசி. எல்லாம் அரைத்துத் தண்ணீர் விட்டு இரண்டு தடவை வடிகட்டியது. ஐந்தாம் நம்பரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அப்படி ஒரு நிறம்! கடையில் அந்த ஷேடு கேட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அவள் எழுதினாள்: "கலர் ஜோர். ஹாலுக்கு அடிச்சிடலாம்."

பிறகு, நான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, இன்னொன்று எழுதி நீட்டினாள். "பசிக்குது."

"அது வயித்துப் பசி இல்லம்மா, பல்லுப் பசி. மெல்லாம இருக்கறதால அப்படித் தோணுது" என்றேன். எங்கோ படித்த ஞாபகம். அவள் துடைத்துவிட்டாள்.

மார்ச் 11, புதன்

எடை 47.8. ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்றார் நர்ஸ். இனி நாளைக்கு ஐந்து டம்ளர்.

மார்ச் 14, சனி

மகள் போன் செய்தாள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து தினமும் ஒரு யோசனை. "வேர்க்கடலை வெண்ணெய் சேருங்கப்பா. அதுல சத்து ஜாஸ்தி." சேர்த்தேன். துணியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வழித்துத் தின்றேன், வீணாக்குவானேன்.

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, வீட்டிலும் விட்ட இடத்திலிருந்து பேசுகிறவள். முன்பெல்லாம் "கொஞ்ச நேரம் வாய மூடேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஞாபகம் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பேன்ட் இடுப்பில் இறுக்குகிறது. துவைத்ததில் சுருங்கியிருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

46.2.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இப்படியே போனா அடுத்த வாரம் குழாய் பத்தி யோசிக்கணும்." வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். சிலேட்டில் ஒரே வார்த்தை எழுதினாள். "வேண்டாம்." அதற்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. சாக்பீஸ் உடைந்தது.

ஐந்து டம்ளர் உள்ளே போகிறது. எடை மட்டும் எங்கே போகிறது?

வீட்டுக்கு வந்ததும் மறுபடி எழுதினாள், பசிக்குது என்று. ஆறாவது டம்ளர் கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். சிங்க்கில் ஆரஞ்சு நிறத்தில் கறை, பப்பாளி வாசனை. தண்ணீர் போகும் ஓட்டையில் ஓட்ஸ். நின்று பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. இதுதான் விஷயமா? நான் காலையில் எழுந்து உரித்து நறுக்கி அரைத்து வைத்துவிட்டுப் போகிறேன், இவள் கொட்டிவிடுகிறாள்!

"குடிக்கப் பிடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே? ஏன் கொட்டற?"

அவள் என்னைப் பார்த்தாள். எழுதினாள்: "குடிச்சேன். ஒரு சொட்டு விடாம."

"பொய் சொல்லாத. சிங்க்கப் பாரு!"

கத்திவிட்டேன். திருப்பிப் பேச முடியாதவளிடம் போய்க் கத்தினேன். எழுதிப் பதில் சொல்லக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. அவள் சிலேட்டைத் துடைக்கவில்லை. எழுதியது எழுதியபடியே மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

என்னடா செஞ்ச நீ?

மார்ச் 20, வெள்ளி

சிலேட்டு கவிழ்ந்தபடியே இருக்கிறது. டம்ளரை வாங்கினாள், என் முன்னாலேயே கடைசிவரை குடித்தாள், காலி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 21, சனி

45.3.

டாக்டர் எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார். நடுத்தர வயது அம்மா, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். என்ன கொடுக்கிறீர்கள் என்றார். நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதமா எழுதியிருக்கீங்க. இவ்வளவு உள்ள போனா எடை ஏறியிருக்கணுமே" என்றார். நான் இவளைப் பார்த்தேன். இவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"எப்படிச் செய்யறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். வடிகட்டுவதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பையிலிருந்து துணியை எடுத்துக்கூடக் காட்டினேன். அந்த அம்மா அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம்கூடச் சிரமப்பட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தது.

"இதுல நிக்கற சக்கைய என்ன பண்றீங்க?"

"வீணாக்கறது இல்லைங்க. நானே சாப்பிட்டுடறேன். அப்புறம் துணிய சிங்க்குல அலசி..."

அங்கே நின்றுவிட்டது என் பேச்சு. சிங்க். ஆரஞ்சுக் கறை. ஓட்டையில் ஓட்ஸ். தினமும் காலையில் துணி அலசுகிறவன் யார்?

"நீங்க கொஞ்சம் ஏறி நில்லுங்க" என்று அந்த அம்மா எடை மெஷினைக் காட்டினார். நான் எப்போதும் 71. முள் போய் 74-ஐத் தாண்டி நின்றது.

"சாரி சார், பாவம் பாக்காம சொல்றேன். ரெண்டு வாரமா அவங்களுக்குக் கலர் தண்ணி. சாப்பாடு பூரா உங்களுக்கு."

பக்கத்தில் ஏதோ அசைந்தது. இவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறித் திரும்பினேன். சிரிக்கிறாள்! வாயைத் திறக்க முடியாமல் இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கால் சிரிக்கிறாள். வலித்திருக்கும். நிறுத்த முடியவில்லை அவளால். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். நான் மெஷின்மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வாரம் பார்க்கலாம் என்று டாக்டரிடம் பேசி வைத்தார். அடுத்த சனிக்கிழமை 45-க்கு மேலே நின்றால் குழாய் வேண்டாம்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சிலேட்டைத் திருப்பினேன். "குடிச்சேன். ஒரு சொட்டு விடாம." அப்படியே இருந்தது. அதைத் துடைக்காமல் கீழே இருந்த இடத்தில் எழுதினேன்: "நீ குடிச்ச. நான்தான் பாக்கல."

அவள் படித்தாள். சாக்பீஸை வாங்கி ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதினாள். "திட்டினது போகட்டும். பசிக்குதுன்னு எழுதினேனே. அத நம்பியிருக்கலாம்."



மார்ச் 22, ஞாயிறு

புது முறை. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, கொழுப்பெடுக்காத பால். கேரட்டை வேகவைத்துப் போட வேண்டும். ஆப்பிளுக்குத் தோல் சீவி, விதை எடுத்து, அதையும் வேகவைக்க வேண்டும். வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு ஸ்பூன், ஊறிய ஓட்ஸ், கொஞ்சம் கீரை. மிக்சி மூன்று நிமிஷம் முழுசாக ஓட வேண்டும். கடைசியில் சாதாரண டீ வடிகட்டி, அதுவும் ஸ்பூனால் அழுத்தித் தேய்த்து எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும்.

நிறம் சேறு. கடையில் இப்படி ஒரு டின் கலந்தால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவள் குடித்தாள். தடித்த ஸ்ட்ரா, மெதுவாக, இருபது நிமிஷம். எழுதினாள்: "இதுக்கு நம்பர் குடுத்துடாதீங்க, அசிங்கம்." பிறகு: "இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. குடித்துவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பகலில் அவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. பசியோடு ஒருத்தியை இரண்டு வாரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் நிறம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன். எழுப்பிவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதேன்.

மார்ச் 25, புதன்

இன்று அவள் "பசிக்குது" என்று எழுதவில்லை. சக்கை நின்றுபோனதால் எனக்குத்தான் பசிக்குது.

மார்ச் 28, சனி

46.1! மெஷினிலிருந்து இறங்க மாட்டேன் என்று நின்றாள். நர்ஸ் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. குழாய் இல்லை.

வரும் வழியில் நைலான் துணியை என் பையிலிருந்து எடுத்து, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் அவள் கையாலேயே போட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

47.4. இப்போது சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்கிறாள். மேஜையில் விரலால் ஒரு தட்டு தட்டினால் இன்னும் பால். இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் மூடியைப் பிடி. நான் மூடியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சும்மா தட்டுகிறாள்.

ஏப்ரல் 13, திங்கள்

கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. போகப் போகச் சரியாகும், இரண்டு வாரம் கூழ் மாதிரியே கொடுங்கள் என்றார் டாக்டர். பஸ்ஸில் அவள் ஒன்றும் பேசவில்லை. முதலில் என்ன பேசுவாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. மகளுக்குப் போன் போடச் சொல்வாளா? கூரையை எப்போது துடைக்கப் போகிறீர்கள் என்பாளா?

வீட்டுக்கு வந்து டம்ளரைக் கொடுத்தேன். ஸ்ட்ரா இல்லாமல், உதட்டில் வைத்து, கொஞ்சம் தாடையில் வழிய வழியக் குடித்தாள். டம்ளரை வைத்தாள். குரல் துருப்பிடித்த மாதிரி வந்தது.

"அன்னிக்கு நான் குடிச்சேங்க."

"தெரியும்மா."

"வாயால ஒரு தடவ சொல்லணும்னு இருந்தது."

அவள் தாடையில் வழிந்ததை என் சட்டை நுனியால் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று முதல் அவள் மறுபடி கவுன்ட்டருக்குப் போகிறாள். காலையில் இரண்டு டம்ளர், இரண்டிலும் ஒரே சேறு. மிக்சியைப் போட்டதும் பின்னால் பேச ஆரம்பித்தாள். புது மேனேஜர், சைக்கிள் பிரேக், மகள் அனுப்பிய படம். ஒன்றும் காதில் விழவில்லை. மூன்று நிமிஷம் ஓட வேண்டியதை ஒன்றரை நிமிஷத்தில் நிறுத்தினேன்.

"என்ன சொன்ன?"

முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். அப்படியே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். கட்டி இருந்தது. மென்று தின்றாள்.