பாட்டு சேர்க்காத பதிவைத் தரக் கோரி

அனுப்புநர்:
நகரப் பேருந்து ஓட்டுநர்
(தங்கள் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் இறந்துபோன தையற்காரரின் கணவர்)

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

பொருள்: பயிற்சி மருத்துவர் வெளியிட்ட காணொளி – என் புகாரின் பேரில் தாங்கள் இட்ட அழிப்பு உத்தரவை நிறுத்திவைத்து, அசல் பதிவைத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி இறந்த அன்று காலை, பயிற்சி மருத்துவர் ஒருவர் தம் முதல் நாள் பணியைக் கைபேசியில் படமெடுத்து, சினிமாப் பாட்டு சேர்த்துச் சமூக வலைதளத்தில் போட்டார். அவருக்குப் பின்னால் கட்டிலில் கிடப்பது என் மனைவி. காணொளியில் அவள் முகத்தை மறைத்து மஞ்சள் நிறச் சிரிப்புப் பொம்மைப் படம் ஒட்டியிருந்தது. போர்வை அவளே தைத்தது. அதை வைத்துத்தான் என் மகள் அடையாளம் கண்டாள். கொதித்துப்போய்ப் புகார் கொடுத்தேன். காணொளியையும் கைபேசியிலுள்ள மூலத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கத் தாங்கள் உத்தரவிட்டீர்கள். நன்றி. அந்த உத்தரவை நிறுத்தச் சொல்லித்தான் இப்போது எழுதுகிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

2. அந்த டாக்டர் பெண் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். என் மகள் வயதுதான். "அங்கிள், முகத்த மறைச்சாப் போதும்னுதான் நினைச்சேன். ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கை ஆட்டினாங்க, அழகா இருந்துச்சு. அதான் அந்த இடத்தையே எடுத்துப் போட்டேன்" என்று அழுதார்.

3. ஐயா, என் மனைவி கேமராவுக்குக் கை ஆட்டுகிற ரகம் இல்லை. எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து என் காது மந்தமாகிவிட்டது. அதனால் என்னைக் கூப்பிடக் கையை உயர்த்தி விரலைச் சொடுக்குவாள். "மகராசா, கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்க" என்பாள். டாக்டர் போன பிறகு காணொளியை மறுபடி பார்த்தேன். விரல் சொடுக்குகிறது. டாக்டர்கள் சுற்றி வரும் நேரம் என்று என்னை வெளியே அனுப்பியிருந்தார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். "நினைவு திரும்பாமலே போயிட்டாங்கண்ணே" என்று நர்ஸ் சொன்னதை நம்பித்தான் இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

4. இப்போது கண்ணை மூடினால் அந்த மஞ்சள் பொம்மைதான் அவள் உடம்பில் உட்கார்ந்து சிரிக்கிறது. அவள் முகம் வரமாட்டேன் என்கிறது. வண்டி ஓட்டும்போது கண்ணாடியில் யார் கை உயர்ந்தாலும் பிரேக்கை மிதித்துவிடுகிறேன். பயணிகள் திட்டுகிறார்கள். பயமாக இருக்கிறது ஐயா.

5. பொம்மையும் பாட்டும் இல்லாத அசல் அந்தப் பெண்ணின் கைபேசியில் இருக்கிறது. தங்கள் அனுமதி இல்லாமல் தரப் பயப்படுகிறார். அவரைத் தண்டிப்பதும் விடுவதும் தங்கள் பொறுப்பு. ஆனால் வார்டில் ஒரு கை உயர்ந்தால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆகவே, அழிப்பதற்கு முன் அசல் பதிவை என் மகளிடம் ஒப்படைக்க ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எனக்குச் சரியாகக் கேட்காது. அம்மா என்ன சொன்னாள் என்று மகள் கேட்டுச் சொல்வாள். தண்ணீர் கேட்டிருந்தாலும் சரி, என்னைத் திட்டியிருந்தாலும் சரி. அவள் கூப்பிட்டது என்னைத்தான்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓட்டுநர்

இடம்: பேருந்துப் பணிமனை
நாள்: புதன்கிழமை