நான் தள்ளிவிட்ட சுவிட்ச்

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சசிகலாவுக்கு அம்மா மங்கம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் ஆடு மாடுகளும் சௌக்கியம், பின்லாந்துக் குளிரில் நீயும் காது மூக்கை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கக் குலசாமி துணை. இந்த வருஷம் மழை தாராளம், சாமை அறுத்தாகிவிட்டது, காயவைக்கத்தான் வெயில் இல்லை. அப்பாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், தை பிறந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் இருக்கும்போது அம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணு. போன வாரம் லேப்டாப்பில் வைஃபை போய்விட்டதே, அதை நிறுத்தியது நான்தான்.

கோபப்படாமல் முழுக்கப் படி. நீ திருப்பத்தூர் விடுதியில் தங்கிப் படித்த ஏழு வருஷமும் வாரம் தவறாமல் மலையிறங்கி வந்து உன்னைப் பார்த்தவள் நான். அப்பா இரண்டு முறை வந்திருப்பாரா, அதுவும் வாசலோடு திரும்பிவிடுவார். போன வருஷம் நீ உன் பழைய லேப்டாப்பில் லினக்ஸோ என்னவோ போட்டு அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாய், அன்றிலிருந்து அப்பாவும் மகளும் கூட்டாளி ஆகிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாய், சாப்டியாம்மா கால்வலி எப்டி இருக்குது என்று கேட்கிறாய், அதோடு என் பங்கு முடிந்தது, அப்பாகிட்ட குடும்மா என்கிறாய். அப்புறம் ஒரு மணி நேரம் அவர் இரண்டு விரலால் தட்டுவதும் நீ அங்கிருந்து சொல்லித்தருவதும் இரண்டு பேரும் சிரிப்பதும்தான். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பெற்ற மகள் மேல் ஒரு பொறாமை, கட்டிய புருஷன் மேல் ஒரு பொறாமை, யாரிடம் போய்ச் சொல்ல?

ஒருநாள் லேப்டாப்பைத் துணியால் துடைத்தபோது முன் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சுவிட்ச் நகர்ந்துவிட்டது. உடனே அப்பா நெட்டு பூட்ச்சி என்று கத்தினார், நான் பழையபடி தள்ளினேன், வந்துவிட்டது. அது மனதில் இருந்தது. போன ஞாயிறு நீ கூப்பிடப்போகும் நேரத்துக்கு முன்னால் வேண்டுமென்றே அதைத் தள்ளிவிட்டேன். லேப்டாப் ஓடாவிட்டால் பேச்சு குறையும், மிச்ச நேரம் எனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நடந்தது என்ன, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினவள் தினமும் கூப்பிட ஆரம்பித்தாய்! போனில் வைஃபை வருது, அப்போ லைனுல கோளாறு இல்லப்பா, லேப்டாப்லதான் என்றாய். திங்கட்கிழமை டிரைவர் என்று எதையோ திரும்பப் போடச் சொன்னாய். செவ்வாய்க்கிழமை நீ சொன்னதைத் தட்டி, திரையில் வந்ததை அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார், ஹார்ட் பிளாக்டு, யெஸ் என்று. அப்போ எங்கியோ ஒரு சுவிட்ச் ஆஃப்ல இருக்குதுப்பா, ஓரமா தடவிப் பாரு என்று நீ சரியாகச் சொல்லிவிட்டாய். அவ்வளவு சின்னது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, மரத்துப்போன விரலுக்கும் அகப்படவில்லை. மங்கா, இங்க எதுனா சுவிட்ச் கீதா பாரு என்று என்னிடம் நீட்டினார். நான் அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே அப்டி ஒண்ணும் இல்லியே என்றேன்.

நம் ஊர் விவசாயிகள் சங்கத்துக்குச் சாமை தீட்டும் மெஷின் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் அனுப்பவேண்டும், அது அந்த லேப்டாப்பில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. வியாழக்கிழமை காலையில் அதைப் பாலிதீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் பஸ் ஏறிப் போனார். திருப்பத்தூரில் ஒரு கடைக்காரன் உள்ளே இருக்கும் கார்டு செத்துப்போச்சு, இந்த மாடலுக்கு இப்போ கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டான். நாலு மணிக்கு நனைந்து வந்து நின்றார். நாந்தான் இன்னாத்தியோ அமுக்கிக் கெடுத்துட்டேன், சங்கத்து ஆளுங்க மூஞ்சில எப்டி முழிப்பேன், பொண்ணு ஆசையா குடுத்தத இப்டி பண்ணிட்டேனே என்று தலையைத் துவட்டாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை சசி. பையைப் பிரித்து அவர் கண்முன்னாலேயே சுவிட்சைத் தள்ளினேன். வைஃபை விளக்கு நீலமாக எரிந்தது.

அவர் முதலில் விண்ணப்பத்தை அனுப்பினார். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி ஏன் மங்கா என்றார். அவ உன்னாண்டதான் பேசறா, என்னாண்ட பேசறதில்ல என்று சொல்லி அழுதுவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. உனக்கு அவளோட பேச ஆயிரம் கீது, எனக்கு இந்தப் பொட்டிய வுட்டா இன்னா கீது, இது ரிப்பேரு ஆனாத்தான் அவ என்னாண்ட பேசறா என்றார். அப்புறம், இத்த நீயே அவளுக்குச் சொல்லிடு, நான் காட்டிக் குடுக்க மாட்டேன் என்றார். சொன்னபடி இன்று நீ கூப்பிட்டபோதும் தானா சரியாப் போச்சும்மா என்றுதான் சொன்னார்.

என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்றும் நீங்கள் பேசும்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரோடு பேசுவதை நீ குறைக்க வேண்டாம், அவர் பங்கு அவருக்கு. லேப்டாப் இல்லாத விஷயமும் நாலு கேள், அவருக்குச் சொல்லத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எல்லா நலமும் பெற்று நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என் தங்கமே. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு, என்னிடம் முதலில் பேசு. திட்டுவதானால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் போனை வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
வே. மங்கம்மாள்