ஆடிட்காரருக்குச் சொல்லும் பதில்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் அரசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், அப்பா முதியோர் ஹோமில் இருக்கிறார், நீயும் மருமகளும் பாப்பாவும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். வழக்கம்போல நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்தத் தடவை அந்த வார்த்தையை விட்டுவிட்டேன், ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும். போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் உன் குரல் கேட்டதும் என் வாய் தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது, அப்புறம் மாற்ற முடியவில்லை. தபாலில் போய்ச் சேர நாளானாலும் பரவாயில்லை. நம் தெருவில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கொய்யா மரத்தில் இந்த வருஷம் காய் ஜாஸ்தி, எல்லாம் அணிலுக்குத்தான். பக்கத்து வீட்டு சைரா தினம் ஒரு கிண்ணத்தில் எதையாவது கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு அடுப்பு பத்த வைக்கிற, கேஸு வேஸ்ட்டு என்று திட்டிவிட்டுப் போகிறாள். அவள் திட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை என்று அர்த்தம்.

அப்பாவை ஒரு மாதம் வைத்துப் பார்ப்போம், அந்த ஹோம் எப்படி இருக்கிறது என்று நீயே நேரில் பார்த்துச் சொல், ஒத்து வரவில்லை என்றால் வேறு இடம் தேடலாம் என்று சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் மேனேஜர் ஆதிகேசவனுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பள்ளிகொண்டா தாண்டி இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், நீ கம்ப்யூட்டரில் பார்த்த போட்டோ மாதிரியேதான் இருந்தது. தரை பளபள, வாசலில் கோலம், ஹால் முழுக்க மல்லிகை சென்ட் அடித்த வாசனை, வேலை செய்கிற பெண்களுக்கு ஒரே கலர் யூனிஃபார்ம். எல்லாக் கட்டிலிலும் புது பெட்ஷீட். அதில் பாக்கெட்டிலிருந்து பிரித்த மடிப்புக் கோடு அப்படியே நிற்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது அரசு. ஷூ கம்பெனி செக்கிங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ஆடிட் நாள் தெரியாதா. ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கம்பெனியிலிருந்து ஆள் வருகிற அன்றைக்குத்தான் எங்கள் கம்பெனி பாத்ரூமில் சோப்பு இருக்கும், குடிக்கிற தண்ணீர் டேங்குக்கு மூடி இருக்கும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும், ஏனென்றால் அந்தப் பதிலை என் லைன் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இங்கேயும் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் டைமுக்கு சாப்பாடு, டைமுக்கு மாத்திரை என்று ஒரே ராகம்.

சரி, கட்டினவரையே கேட்டுவிடலாம் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும், உன் பெயரும் வரவில்லை, என் பெயரும் வரவில்லை, தண்ணி என்று சொல்லவே வாய் கோணுகிறது. ஆனால் நான், எப்படிங்க இருக்கு இங்க, நல்லா பாத்துக்கறாங்களா என்று கேட்டதும் ஒரு திக்கல் இல்லாமல், தெளிவாக, எல்லாம் டைமுக்கு நடக்குது சார், ஒரு கஷ்டமும் இல்ல என்றார். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாருங்க மேடம், சாரே சொல்லிட்டார் என்றான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பா வேலை செய்த தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆடிட் வருகிறது என்றால் முதல் நாளே வீட்டில் பாடம் படிப்பார். நீ அப்போது மூன்றாங்கிளாஸ். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, என் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீதான் வெள்ளைக்காரன். வாட் இஸ் யுவர் நேம், சாப்பாடு எப்படி, கையுறை தர்றாங்களா என்று நீ கேட்பாய். அப்பா லுங்கியோடு கைகட்டி நின்று எல்லாம் டைமுக்கு நடக்குது சார் என்பார், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கையுறையும் பூட்ஸும் காலையில் கொடுத்துச் சாயந்திரம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்பது வேறு கதை. டாக்டர் சொன்னார், அடிக்கடி சொல்லிப் பழகின வார்த்தை மட்டும் சில பேருக்கு அப்படியே தங்கிவிடுமாம். சிலருக்குச் சாமி பெயர் தங்குமாம், சிலருக்குக் கெட்ட வார்த்தை. உன் அப்பாவுக்கு இது தங்கியிருக்கிறது. ஆக, அவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நன்றாக வைத்திருந்தாலும் அதையேதான் சொல்வார், அடித்தாலும் அதையேதான் சொல்வார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல், அவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நின்றேன். கோலம் இல்லை, சென்ட் இல்லை, பெட்ஷீட் எல்லாம் வெளுத்து நைந்த பழசு. அதற்கு நான் குறை சொல்லமாட்டேன், நம் வீட்டிலும் பழசுதானே. ஆனால் அந்த ஹால் முழுக்க இருக்கிறவர்களுக்கு மெர்சி என்று ஒரே ஒரு பெண். குடியாத்தம் பக்கத்துப் பெண்ணாம், ஓடிக்கொண்டே இருக்கிறாள். அப்பாவை ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் துண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். சரிஞ்சு உயுந்துடறாரும்மா, அதான் என்றாள். ஷூவை வெளியே எவ்வளவு துடைத்து வைத்தாலும் கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் நான் பாஸ் பண்ணினதில்லை, அந்தப் பழக்கத்தில் அவர் குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் கையால் தடவிப் பார்த்தேன். புண் இல்லை, பவுடர் போட்டிருக்கிறார்கள். ஆனால் டயபர் கல்லாகக் கனத்தது, எப்போது மாற்றினார்களோ. சோறு ஊட்டிய இடத்தில் தாடையில் காய்ந்து ஒட்டியிருந்தது.

மெர்சியிடம் கோபமாகத்தான் கேட்டேன், அவளும் மறைக்கவில்லை. பொய் சொல்லமாட்டேம்மா, இருக்கறது நான் ஒருத்தி, யார் கூப்புடறாங்களோ அவங்ககிட்டதான் மொதல்ல ஓடறேன், அந்தக் கட்டில் தாத்தா கெட்ட கெட்ட வார்த்தையா திட்டுவாரு, அவருக்குத்தான் எல்லாம் மொதல்ல, உங்க ஊட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஒரு நாளும் கூப்புட மாட்டாரு, போய்க் கேட்டாலும் ஒரு கஷ்டமும் இல்லன்னுடறாரு, அதான் அவரு டர்ன் கடசீல வருது என்றாள். அரசு, நான் அந்தப் பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது, சொல். அழுத பிள்ளைக்குத்தான் பால். நம் வீட்டில் யாருக்கும் அழச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சோறு ஊட்டி முடித்துவிட்டு நான் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாப்பாடு நல்லா இருக்குதா என்று ஆடிட்காரன் மாதிரி கேட்டேன். பழைய பதில் வந்தது. அப்பிடி சொல்லாதீங்க, இல்லன்னு சொல்லுங்க, ஈரமா இருக்குது, மாத்துன்னு சொல்லுங்க என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. அப்படியும் என்னிடம், ஒரு கஷ்டமும் இல்ல மேடம் என்றார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதை யாரிடமும் சொல்லவில்லை, சைராவிடம் கூட.

அங்கே உட்கார்ந்தபடியே யோசித்தேன். அவர் தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் செக்‌ஷனில் இருந்தபோது அந்தச் சத்தத்தில் பேச்சு எங்கே கேட்கும், ஆள் வேண்டுமென்றால் ஸ்பேனரால் இரும்பில் தட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பையிலிருந்த எவர்சில்வர் ஸ்பூனை அவர் இடது கையில் கொடுத்துப் பக்கத்திலிருந்த அவர் கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினேன். அவரும் தட்டினார். நேற்று மெர்சி போன் செய்தாள். காலையில் தட்டினாராம், ஓடிப்போய் இன்னா வேணும் தாத்தா என்று கேட்டால் ஒரு கஷ்டமும் இல்ல என்றாராம். நான் அப்பிடியே உட்டுடலையேம்மா, தொட்டுப் பார்த்தேன், நனைஞ்சு இருந்துச்சு, மாத்திட்டேன் என்றாள்.

ஆக நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்த இடம் கெட்டது இல்லை, போட்டோவில் இருக்கிற மாதிரியும் இல்லை. சித்திரையில் பாத்ரூமில் நான்தான் அவரைக் கீழே போட்டேன், என் முதுகு இனிமேல் தூக்காது, அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்த ஆட்கள் ஒருவரும் நிற்கவில்லை. அதனால் அவர் அங்கேயே இருக்கட்டும். வேறு ஹோம் தேடினாலும் நாம் சொல்லிவிட்டுப் போனால் அங்கேயும் புது பெட்ஷீட்தான் விரிப்பார்கள். இன்னொரு ஆள் போடச் சொல்லி நீ ஆதிகேசவனிடம் பேசு, நீ பேசினால் பயப்படுவான். நான் நினைத்த நாளில், நினைத்த நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்க மேடம் என்கிறான், ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன், பண்ணுவதில்லை.

பிரஷர் மாத்திரை போடுகிறேன். நீ பாப்பாவுக்குத் தமிழில் திட்டவாவது சொல்லிக் கொடு, பசிக்கிறது, வலிக்கிறது, பிடிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லப் பழக்கு. மருமகள் மேல் கோபப்படாதே, நைட் ஷிப்ட் முடிந்து வண்டி ஓட்டாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ அப்பா சார்பிலும் நானே ஆசீர்வாதம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து எப்படிம்மா இருக்கே என்று கேட்கிறாய், ஒரு கஷ்டமும் இல்லப்பா என்று நானும் சொல்கிறேன். இன்று சாயந்திரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ ஊருக்கு வரும்போது தேதி சொல்லாமல் வா. சொல்லிவிட்டு வந்தால் நானும் புது பெட்ஷீட் விரித்து வைத்துவிடுவேன். சாவி சைரா வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
அமிர்தவள்ளி.