வலப்பக்கம் நின்று ஓட்டிய குப்பை வண்டி

என் பிரியமான எதிர்க்கட்சிக்காரருக்கு,

நான் ஜெயித்துவிட்டேன். இதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

அறுபதுகளில் காரைக்குடிக்கு எந்த ஆங்கிலப் படம் வந்தாலும் நாம் விட்டதில்லை. கொட்டகையே கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருக்கும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரரான நீங்களும் நானும் அவளுக்குப் பின்னால் போகிற அமெரிக்கக் குப்பை வண்டியைப் பார்ப்போம். முன்மூக்கை வைத்து அது எந்தக் காலத்து வண்டி என்று நீங்கள் சொல்வீர்கள். பின்வாய் குப்பையை மென்று விழுங்கும் விதத்தை வைத்து நான் சொல்வேன். தோற்றவர் இடைவேளையில் முறுக்கு வாங்க வேண்டும்.

ஒரு படத்தில் குப்பை வண்டி ஓட்டுநர் வலப்பக்கம் நின்றுகொண்டே ஓட்டினார். அமெரிக்க வண்டிதான் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அமெரிக்காவுல எவன்டி வலப்பக்கம் இருந்து ஓட்டுறான்? ஆபரேட்டர் ரீலைத் திருப்பிப் போட்டுட்டான், இடம் வலமாத் தெரியுது."

"குப்பைத்தொட்டி அங்குட்டுத்தான இருக்கு. வீட்டுக்கு வீடு இறங்கி ஏறணும்ல? அதான் அங்குட்டே நிண்டு ஓட்டுறான்" என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் படத்தை மாற்றிவிட்டார்கள். அதன்பின் பட்டறையில் நான் எந்த வண்டியைப் பற்றி வாய் திறந்தாலும், ரீல் திரும்பிவிட்டதா என்று கிண்டல்தான். எத்தனை வருஷம் அதையே சொன்னீர்கள்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, பட்டறையை விற்றுவிடச் சொல்லி உங்கள் தம்பி ஒரே பிடியாக நின்றார். நல்லவர்தான். ஆனாலும், "வண்டியைப் பாத்து நீங்க என்னத்தச் சொல்லப் போறீக மதினி?" என்று கேட்டுவிட்டார். எனக்கே சந்தேகம் வந்தது. உங்கள் கண் இல்லாமல் என் கண் மட்டும் போதுமா?

போன வாரம் மகளோடு பகல் காட்சிக்குப் போனேன். திரையில் அதே ரகக் குப்பை வண்டி வந்தது. ஓட்டுநர் வலப்பக்கம் நிற்கிறார். அதே தெருவில் போகிற கார்களில் எல்லாரும் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். ரீலைத் திருப்பிப் போட்டிருந்தால் கார்க்காரர்களும் அல்லவா வலப்பக்கம் வந்திருக்க வேண்டும்? "பாத்தீகளா" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். உங்கள் இடத்தில் மகள் இருந்தாள். ஜெயித்ததற்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

மறுநாள் காலையில் உங்கள் தம்பியிடமிருந்து பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டேன். விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். பள்ளத்தூரிலிருந்து வந்த ஒரு லாரிக்குப் பின்கதவை எவ்வளவு இறக்கி வைக்க வேண்டும் என்று நானே சொன்னேன். சரியாக உட்கார்ந்தது.

ஒரே ஒரு குறை. என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. நான் சொன்னதற்கெல்லாம் பட்டறையில் தலையாட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த வண்டி வந்தாலும் முதலில் உங்கள் கட்சியை நானே பேசுவேன், உங்களுடைய அதே பிடிவாதத்தோடு. பிறகுதான் என் முடிவைச் சொல்வேன். சில நாள் நீங்களும் ஜெயிப்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
லெட்சுமி