கனவென்று நினைத்து உருவிய ஒயர்

நேற்று எலவனாசூர்கோட்டைக்குப் பஸ்ஸில் போனேன். ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம், இரண்டு பக்கமும் புளியமரங்களை அறுத்துப் போட்டிருந்தார்கள். பச்சை மர வாசனை ஜன்னல் வழியாக அடித்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாங்க, வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் தரட்டா?" என்றாள். எலுமிச்சம்பழத்தில் தீருகிற காரியமா இது? ஆனாலும் வாங்கி மோந்துகொண்டேன். நீ இறந்துபோய் நாற்பது நாளாகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். இப்போது எழுதி என்ன பிரயோஜனம் என்று நீ கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை.

நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். பூட்டின பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உன்னைவிட நாலு வருஷம் சீனியர் என்றுதான் பேர், ஐந்து பேர் சேர்ந்தாற்போல் கூப்பிட்டுப் போர்டில் ஐந்து விளக்கு எரிந்தால் எந்த ஒயரை எங்கே சொருகுவது என்று திணறுவது நான்தான். நீயோ மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கிவந்து, ஹாஸ்டலில் படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவள். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் ஒயர் என்று உட்கார்ந்திருப்பாய். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது வாரத்தில் நாலு நாள் எனக்கு ஒரே கனவு. போர்டில் செத்துப்போன லைனுக்கெல்லாம் விளக்கு எரியும். ஆளாளுக்குத் திட்டுவார்கள். சொருக ஒயர் இருக்காது. வேர்த்துக் கொட்டி எழுந்திருப்பேன். உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். "பயப்படறதுக்கு இன்னாக்கா இருக்குது? உங்க கனவு, உங்க போர்டு. அங்க நீங்கதான் ஆபீசர்."

ஹாஸ்டலில் இருந்தபோது நீயாகவே கண்டுபிடித்த வித்தையாம். கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு நாம் வைத்ததுதான் சட்டம். தெரிந்துகொள்வது எப்படி? எனக்காக ஒரு சோதனை சொன்னாய். "ஒயர உருவிப் பாருங்க. பேச்சு நின்னுச்சுன்னா நெஜம். நிக்காம கேட்டுக்கினே இருந்துச்சுன்னா கனவு." பகலிலும் இதைச் செய்து பழகவேண்டும், கைக்குப் பழகினால் கனவிலும் கை தானாகச் செய்யும் என்றாய். சும்மா இருக்கிற டெஸ்ட் ஒயரில் மட்டும் செய்யச் சொன்னாய். "ஆள் பேசற லைன்ல கைய வெச்சிடாதீங்க, மெமோதான் வரும்."

எனக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது தரம் உருவினேன். டெஸ்ட் ஒயரின் முணுமுணுப்பு நிற்கும், அப்பாடா என்று இருக்கும், திரும்பச் சொருகுவேன். ஒரு மாசத்துக்குள் கனவிலும் கை போய் உருவியது. திட்டு நிற்கவில்லை. ஓகோ, இது கனவு என்று புரிந்தது. போர்டில் எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். மறுநாள் உனக்கு ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அம்மாம் பெரிய பவரு வந்தும் வெளக்கத்தான் அணைச்சீங்களா? பறந்திருக்கலாமேக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

அப்புறம்தான் அந்த வாரம் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் ரோட்டை மறித்தார்கள். மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். என் தம்பியும் கோடாலியைத் தூக்கிக்கொண்டு எலவனாசூர்கோட்டை ரோட்டுக்குப் போனான். பஸ் இல்லை. அடுத்த ஷிப்ட்டுக்கு வரவேண்டியவர்கள் யாரும் வரவில்லை, ஆபீசர் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். போர்டுக்கு நீயும் நானும் மட்டும். உன்னைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நீயே பேச்சை எடுத்தாய். "நான் இந்த நாற்காலில குந்தினு இருக்கறதே ஒதுக்கீட்டுலதான். உங்க தம்பி கேக்கறது ஒண்ணும் தப்பில்லக்கா. மரந்தான் பாவம்."

மூன்றாம் நாள் மத்தியானம். நீ பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் முந்தின நாள் காலையிலிருந்து கண்ணை மூடவில்லை. பாதி லைனுக்கு மேல் செத்துக் கிடந்தது. மலைப்பக்கத்து லைன் முதல் நாளே போய்விட்டது. அந்த லைனுக்கு விளக்கு எரிந்தது.

சொருகினேன். இரைச்சலுக்கு நடுவே அடிவாரத்துத் தபாலாபீஸ்காரர் குரல். "கரியாலூர்ப் பொண்ணு இருக்குதுங்களா? அவங்க அம்மாவத் தூளி கட்டித் தூக்கியாந்து இங்க போட்டுருக்காங்க. மூச்சு இழுத்துக்கினு இருக்குது. சீக்கிரம் வரச்..."

செத்த லைனில் விளக்கு. என் கனவு அப்படியேதான் ஆரம்பிக்கும். இது கனவுதான், உருவினாலும் பேச்சு நிற்காது என்று கை போய்விட்டது. ஒயரை உருவினேன். பேச்சு நின்றுவிட்டது.

திரும்பச் சொருகினேன். கூப்பிட்டேன். தட்டினேன். அந்த வாரம் முழுக்க மலை லைன் உயிர் பெறவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு நீ முகம் கழுவிக்கொண்டு வந்தாய். "ஏதாவது கால் வந்துச்சாக்கா?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் டெட்டு."

ரோடு கிடக்கிற கிடப்பில் நீ தனியாக எப்படிப் போவாய் என்று பயந்துதான் மறைத்தேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பொய். பேசுகிற லைனை உருவினேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதற்குத்தான் பயந்தேன். நீ மலைக்காரி, நடைக்கு அஞ்சாதவள். வயல் வழியாக நடந்திருந்தால் ராத்திரிக்குள் அடிவாரம் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் அம்மா மறுநாள் மத்தியானம் வரைக்கும் உயிரோடு இருந்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு பால்காரர் சைக்கிளில் வந்து சேதி சொன்னார். நீ செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாய். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து வந்தபோது நீதான் என்னிடம் சொன்னாய். "தபாலாபீஸ்காரரு போன் பண்ணாராம்கா. லைன் கெடச்சா மாதிரி இருந்து அறுந்துடுச்சாம். மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும்னாரு. கடைசியா வாயத் தொறந்து எம் பேரத்தான் சொல்லுச்சாம் எங்கம்மா."

"மரந்தான்" என்றேன் நான். சண்டாளி, வாய் கூசாமல் சொன்னேன்.

அதற்கப்புறம் என் தம்பி ஆபீசுக்கு வந்தால் நீ எழுந்து உள்ளே போய்விடுவாய். அவன் மலைப்பக்கம் ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை. "அந்த அக்கா ஏன் என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குது?" என்று இரண்டொரு தரம் கேட்டான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். என் பழியை அவன் தலையில் கட்டிவிட்டு நான் உன்னோடு டீ குடித்தேன். நீ மாற்றலாகிப் போனாய், கல்யாணம் ஆனது, பெண் பிறந்தது. பொங்கலுக்குப் பொங்கல் நீதான் போன் பண்ணுவாய். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று ரிசீவரை எடுப்பேன். மழையா, விலைவாசியா என்று எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன். அவ்வளவு தைரியம்தான் எனக்கு.

நீ போன பிறகு கனவில் வருகிறாய். அந்தச் சாயங்காலம்தான், ஈர முகத்தோடு வந்து அதையேதான் கேட்கிறாய். முதல் தரமே எனக்குக் கனவு என்று தெரிந்துவிட்டது. அங்கே மெமோ கிடையாது, பயம் கிடையாது, முழுசாகச் சொன்னேன். நீ உடனே என் தோளைத் தொட்டு, "பரவால்லக்கா, வுடுங்க" என்றாய். அப்படியே அழுதுகொண்டே எழுந்தேன், மனசு லேசாக இருந்தது. அந்த லேசு பல் விளக்கி முடிக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. நீ எங்கே சொன்னாய்? என் கனவு, என் போர்டு. உன் வாயைத் திறந்து அந்த வார்த்தையைப் போட்டவள் நான்.

இன்று விடிகாலையிலும் வந்தாய். கேட்டாய். சொன்னேன், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அதற்குமேல் கனவை என் இஷ்டத்துக்கு நடத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாய். நான் நினைத்திருந்தால் உன்னைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கலாம். வைக்கவில்லை. விழிப்பு வருகிற வரைக்கும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.