தூங்குகிற கொடியைப் பார்க்க

மதினி,

இன்று தோட்டத்து மோட்டார் ரூமில் சாக்கு எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததும் மருந்து வாசம் முகத்தில் அடித்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் திராட்சைக்கு அடிப்போமே, அந்த போர்டோ மருந்தின் வாசம். அண்ணாந்து பார்த்தால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் உங்கள் ஷூ தொங்குகிறது. வெள்ளை ஷூவாக வாங்கியது. இப்போது முன்பாதி முழுக்க நீலம். சாக்கை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தேனி பஜாரில் அதை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? கடைக்காரர் உங்கள் காலில் அதை மாட்டிவிட்டு, "காலைல வாக்கிங் போறதுக்காம்மா?" என்றார். நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல், "ஆமா, மார்செய்ல" என்றீர்கள். அது கம்பம் பக்கமா, கேரளாப் பக்கமா என்று அந்த மனிதர் யோசித்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

வாங்கியதோடு விட்டீர்களா? பிரான்ஸில் அந்த ஊரில் தெருவெல்லாம் கல் பாவியிருக்கும், ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், புது ஷூ காலைக் கடித்துவிடும், அதனால் இப்போதே பழக்க வேண்டும் என்று சொல்லி, காலையில் சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு பந்தலுக்கு அடியில் நடக்க ஆரம்பித்தீர்கள். பழம் வெட்ட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருந்து அடிக்கிற நாளிலும் நடந்தீர்கள். மேலே இருந்து சொட்டிச் சொட்டி ஷூ நீலமானது. நான் திட்டினேன். "போத்தா, அந்தக் கடலும் இந்தக் கலருதான். போற எடத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்றீர்கள். பிறகு உங்கள் மகள் அனுப்பிய படத்தைப் பார்த்து நானே ஒப்புக்கொண்டேன். மயில்துத்தம் கரைத்த தொட்டி மாதிரி இருந்தது அந்த மத்தியதரைக் கடல்.

ராயப்பன்பட்டியை விட்டு வேளாங்கண்ணிக்கு மேல் போகாத உங்களுக்கு அந்த ஊர் எங்கிருந்து பிடிபட்டது என்று பலபேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நம் பன்னீர் திராட்சையை வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தார் என்று ஊரில் எல்லாரும் சொல்வோம். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நீங்கள் ஒருத்தர்தான் எந்தத் துறைமுகத்துக் கப்பல் என்று கேட்டீர்கள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகளை விடாமல் நச்சரித்தீர்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சுச் சாமியார்கள் பலபேர் மார்செய்யில்தான் கப்பல் ஏறினார்கள் என்று அவள் தேடிச் சொன்னாள். அந்தக் கொடியும் அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு அவளிடம் அத்தாட்சி கிடையாது. உங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அப்ப அங்கனதான் இதோட பொறந்த வீடு" என்று முடிவு கட்டினீர்கள். "இம்புட்டுத் தூரம் வாக்கப்பட்டு வந்திருக்கு. பொறந்த வீட்டுல இருந்து ஒரு ஆளு வந்து பாத்ததில்ல. நாமளாவது போயி, நல்லாருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவம்த்தா."

எனக்கு அப்போது உடம்பு சிலிர்த்தது, மதினி. பிறந்ததில் இருந்து அந்தப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள் நான். ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நீங்களும் வேற்றூரில் இருந்து வாழ வந்தவர், அதனால்தான் தோன்றியது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமை மத்தியானமானால் உத்தமபாளையத்தில் என் தையல்கடைதான் நம் டிராவல்ஸ் ஆபீஸ். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கட்டிங் மேஜை மேல் ஏறி உட்காருவீர்கள். போனில் உங்கள் மகள் வருவாள். மொத்தமே நாலு நாள் பயணம். நாற்பது நாளுக்குத் தேவையான பேச்சு. பழைய துறைமுகத்தில் காலையில் படகுக்காரர்களே மீனை வைத்து விற்பார்களாம், அதைப் பார்க்க வேண்டும். குன்றின் உச்சியில் தங்க நிறத்தில் மாதா நிற்கும் கோயில். அதற்குள்ளே புயலில் பிழைத்த மாலுமிகள் சின்னச் சின்னக் கப்பல்கள் செய்து கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்களாம். "நம்ம வேளாங்கண்ணில வெள்ளில கை காலு செஞ்சு போடுற மாதிரி" என்று நீங்கள் சொல்லி, உடனே கையெடுத்துக் கும்பிட்டீர்கள், என் தையல் மிஷினைப் பார்த்து. பர்ஸ் அடிப்பவர்கள் இருப்பார்கள் என்று யாரோ பயமுறுத்த, நான் நம் இருவர் பாவாடையிலும் ஜிப் வைத்து உள்பை தைத்தேன். பாஸ்போர்ட்டை அதில் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினீர்கள்.

சூரியன் கடலில் விழுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு சாயங்காலத்தை ஒதுக்கச் சொன்னீர்கள். நம் ஊரில் அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் கேரளா மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. வேளாங்கண்ணியிலோ அது கடலில் இருந்து ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. "ஒரு தடவை முழுசா எறங்குறதப் பாக்கணும். அது எங்கிட்டுப் போகுதுன்னு தெரியணும்ல" என்றீர்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் போகலாம், டிக்கெட் விலை இறங்கும் என்று முடிவாகி, விசாவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாம் செய்திருந்த கூத்து வெளியே வந்தது. பஸ்ஸில் போகிற தூரத்தில் கடலோரச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன, ஒரு நாள் அங்கே என்று நாம் எழுதி வைத்திருந்தோம். நீங்கள் மகளிடம், "அங்கன பன்னீரு இருக்குமா, விதையில்லாததா? ஒரு கிலோ வாங்கிக் கோயில்ல வைக்கணும்" என்று கேட்டீர்கள். அவள் கம்ப்யூட்டரில் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, ஜனவரில அங்க பழம் இருக்காதும்மா. எலைகூட இருக்காது. குளிருக்குக் கொடியெல்லாம் தூங்கும்" என்றாள்.

நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த மாதம் பழம் கிடைக்கும் என்று கேட்கவேண்டும் என்று நமக்கு எப்படித் தோன்றும்? கூடலூருக்கு மேலே மலைரோட்டுத் திருப்பத்தில் நின்று பார்த்தால், ஒரு தோட்டத்தில் அன்றைக்குத்தான் கவாத்து வெட்டி மொட்டையாக நிற்கும், அடுத்ததில் பூ, அதற்கு அடுத்ததில் பழம் வெட்டிப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். திராட்சை என்றால் உலகம் முழுக்க அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மட்டும் கண்ணை அகல விரித்துக்கொண்டு, "ஒரு ஊருக் கொடி பூராவும் ஒண்ணு சொன்னாப்புல தூங்குமா?" என்று கேட்டீர்கள். அந்தக் குரல் என் காதிலேயே இருக்கிறது. கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டீர்கள்.

தேதியை மாற்றவா என்று மகள் கேட்டதற்கு ஒரே பேச்சில் முடித்தீர்கள். "பழத்த இங்கனயே பாத்துக்கிறலாம். அது தூங்குறத எங்கன போயிப் பாக்குறது?"

ஆனால் நீங்கள் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் ஓரத்துக் கொடி ஒன்றைக் கவாத்து வெட்டக்கூடாது என்று அண்ணனிடம் சொல்லித் துணி கட்டி வைத்தீர்கள். விட்டால் அதுவும் தூங்குகிறதா என்று பார்க்கவாம். அது எங்கே தூங்கியது? கண்டபடி இலை விட்டுப் பக்கத்துக் கம்பியெல்லாம் தாவிக்கொண்டு போனது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் அந்தக் கொடியைத் தடவிக்கொண்டே, "பாவம், இதுக்குத் தூங்கவே தெரியலயே" என்றீர்கள். நீங்களும் அண்ணனும் என்றைக்காவது விடிந்தபிறகு எழுந்திருக்கிறீர்களா, உங்கள் கொடிக்கு மட்டும் தூக்கம் எப்படித் தெரியும் என்று நான் கேலி பண்ணினேன்.

கார்த்திகையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. தேனிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வருவீர்கள் என்று ஒருவரும் சந்தேகப்படக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நடை விட்டுப் போகிறதே, கால் மறுபடி ஷூவுக்குப் பழக வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டீர்கள். நீங்கள் போன பிறகு உங்கள் மகள் டிக்கெட்டை ரத்து செய்தாள். நான் பாவாடையில் இருந்த அந்தப் பையைப் பிரிக்க உட்கார்ந்தேன். முடியாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆசையைக் கிளப்பிவிட்டுவிட்டு இப்படிப் பாதியில் இறங்கிப் போகலாமா?

அண்ணன் அழவில்லை. வேலை செய்தார். வெட்டு முடிந்ததும் கவாத்து, கவாத்து முடிந்ததும் மருந்து, மருந்து இல்லாத நாளில் கம்பி இழுத்துக் கட்டுவது. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கையைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் வேட்டி நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்படியே போனால் இவரையும் இழந்துவிடுவோம் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

போன மாதம் உங்கள் மகள் கூப்பிட்டாள். "அத்தை, அம்மா போட்ட பிளான் அப்படியே இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. இந்தத் தடவை அடுத்த வருஷம் செப்டம்பருக்கு வச்சுக்குவோம், பழம் இருக்கும், குளிராது" என்றாள். நியாயமான பேச்சுதான். ஜனவரிதான் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுக்கவில்லை. "ரெண்டாவது சீட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணனைக் கேட்டேன். உங்கள் தொல்லை தாங்காமல் அவரும் எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மா கிடக்கிறதே. "மார்கழில கவாத்து போடணும். அப்பறம் மருந்து அடிக்காம விட முடியாது. யாரு பாக்குறது?" என்றார். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் பார்க்க மாட்டார்களா என்றேன். தோட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் பேச உங்களால்தான் முடியும்.

ஆகவே இன்று அந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் வாய்க்கால் ஓரத்தில், நீங்கள் துணி கட்டிய கொடிக்குக் கீழே நின்றார். துணி வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது; வருஷம் ஒன்றாகியும் அந்த ஒரு கொடியில் மட்டும் கத்திரி வைக்காமல் விட்டிருக்கிறார். நான் இதை இன்றுதான் கவனித்தேன். ஷூவோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

ஷூவைப் பார்த்தார். "ஒனக்குச் சேருமா?" என்று கேட்டார்.

"ஒரு சைஸ் பெருசு. ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிரும்ணே."

"அங்கன நெசமாவே எலை ஒண்ணுகூட இருக்காதாமா?"

"இருக்காதாம். வெறுங்கட்டைதான். பாத்தா செத்துப்போச்சுன்னே நெனைப்பமாம். ஆனா உசுரு இருக்குமாம்."

கொடியில் கட்டியிருந்த துணியின் முடிச்சை இறுக்கினார். பிறகு, "கவாத்தத் தள்ளி வச்சுட்டேன்த்தா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அண்ணன் அவருடைய கல்யாணத்துக்குக்கூடக் கவாத்தைத் தள்ளி வைத்தவர் இல்லை. "எது வரைக்கும்ணே?" என்றேன்.

"நாம வர்ற வரைக்கும்."

திங்கட்கிழமை விசாவுக்குக் கைரேகை வைக்க இருவரும் சென்னைக்குப் போகிறோம், மதினி. அண்ணன் சட்டைக்குள் ஜிப் வைத்த பை தைத்தாகிவிட்டது. உங்கள் ஷூவைத் தேய்த்துப் பார்த்தேன், நீலம் போகவில்லை. பிறகு போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மீன் விற்கிறதையும் தொங்குகிற கப்பல்களையும் பார்ப்போம். சூரியன் முழுக்க இறங்குகிற மட்டும் உங்கள் சாயங்காலத்தில் நகராமல் உட்கார்ந்திருப்போம். தூங்குகிற கொடியின் பக்கத்தில் அண்ணனைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டு நான் தள்ளி நிற்பேன். அதன் பிறந்த வீட்டில் நீங்கள் சொல்லச் சொன்னதையும் மறக்கமாட்டேன். உங்கள் பெண் எங்கள் ஊரில் நல்லா இருக்கா, வருஷம் முழுக்கக் காய்க்கிறா, தூங்கத்தான் இன்னும் பழகவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.