பலகையில் ஆறாவது பெயர்

நவம்பர் 4, செவ்வாய்
சித்தூர். விடியலிலிருந்து தூறல். புதுப் பேனா நன்றாக எழுதுகிறது. எண்பத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்று, என் கையெழுத்து! நேற்று வேலூர் பஸ்ஸின் போர்டைப் படித்தேன். மூக்குப்பொடி டப்பாவையும்.

ஞாயிறு நினைவு ஆராதனை. இரண்டாம் உலகப் போரில் செத்த ஏழு பேரின் பெயரை இந்த வருடம் நான் வாசிக்கவேண்டும், பாஸ்டர் ஐயா சொல்லிவிட்டார். ஆறாவது பெயர் என்னைப் பெற்ற நைனா, யோபு. நான் வயிற்றில் இருந்தபோது பட்டாளம் போனவர். பெயரை வாசித்ததும் அந்த வீட்டார் எழுந்து நிற்பது வழக்கம். அம்மா வெள்ளைப் புடவையில் நின்றாள், சாகும்வரை. பிறகு நான்.

கோயில் சுவரில் அந்தப் பெயர்கள் உள்ள பலகையைப் புதிதாகச் செய்கிறார்கள். யார் எங்கே செத்தார் என்றும் பொறிப்பார்களாம். நைனா எங்கே என்று தெரியாது. ரேணிகுண்டா ஸ்டேஷனில் பார்த்ததாக உடன் போனவர் சொன்னதோடு சரி. வழியில் காய்ச்சலோ? பக்கத்தில் உள்ள திருப்பதி சபையில் பழைய அடக்கப் புத்தகம் பார்க்கவேண்டும். நானே படிப்பேன்.

நவம்பர் 6, வியாழன்
திருப்பதி. பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், சந்தன வாசனை.
அடக்கப் புத்தகத்தில் நைனா இல்லை. சபை உபதேசியார் கல்யாணப் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். சும்மா விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனேன். யோ... பு... யோபு. அவர் தகப்பன் பெயரும் சரி. ஊர் குடிபாலா, எங்கள் ஊர். போர் நடந்த வருடம்.
மணமகன்: மனைவியை இழந்தவர்.
மூன்று முறை படித்தேன். உபதேசியாரைப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையே படித்தார்.
அன்று அம்மா குடிபாலாவில் களை பறித்துக்கொண்டிருந்திருப்பாள். இடுப்பில் நான்.
சீ.

நவம்பர் 7, வெள்ளி
ராத்தங்கல் உபதேசியார் வீட்டில். அந்தக் கல்யாணத்தில் பிறந்த மகள் இருக்கிறாள், வீடு காட்டினார். நான் யார் என்று சொல்லவில்லை. என் மூக்குதான் அவளுக்கும். சிரித்துச் சிரித்துப் பேசினாள்.
"எங்க நைனா பட்டாளத்துலருந்து ஓடியாந்தவருண்ணா! ரேணிகுண்டாவுல தண்ணி புடிக்க எறங்கி, அப்டியே நடந்துக்கினே வந்துட்டாராம். சாவுன்னா அவ்ளோ பயம். கோழி அறுத்தாகூட எழுந்து போயிடுவாரு. கொழம்பு கொதிச்சா மட்டும் மொத ஆளா துன்ன வந்துடுவாரு."
"எப்டிமா செத்தாரு?"
"எண்பது தாண்டி, தூக்கத்துல. குடுத்து வெச்சவரு."
காபி கொடுத்தாள்.
ஓடியதற்குக் கோபம் இல்லை. பயந்தவன் ஓடட்டும். சித்தூருக்கு இரண்டு மணி நேரம் பஸ், அதற்குமா பயம்? உயிரோடு இருந்தவளைச் செத்தவள் என்று சொல்லிவிட்டுப் போட்ட கையெழுத்து. வளைவு வளைவாக, அழகான எழுத்து. என்னுடையதைவிட நன்றாக.

நவம்பர் 9, ஞாயிறு
வெயில். வெள்ளைச் சட்டை. காலையில் பெயர்க் காகிதத்தில் ஒரு பெயரை அடித்தேன், ஒரு பெயர் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.
ஐந்து பெயரும் திக்காமல் வந்தன. ஆறாவது: ஞானம்மாள். என் அம்மா.
பாஸ்டர் ஐயா கிட்டே வந்து காதில், "தாத்தா, யோபு பேரை வுட்டுட்டீங்களே?"
"வுடலிங்க ஐயா. அந்தச் சண்டையில எங்க வூட்ல செத்தது எங்கம்மாதான்."
ஏழாவது பெயரை வாசித்தேன். அவர்கள் வீட்டார் எழுந்து நின்றார்கள்.